கனடாவில் வேலை போனால் எவ்வளவு கிடைக்கும்? ஒப்பந்தத்தின் ஒரு வரி மாற்றும் கணக்கு!

கனடாவில் ஒருவரை வேலையை விட்டு அனுப்பும்போது நிறுவனம் வழக்கமாக இரண்டு பேப்பர்களை நீட்டும். ஒன்று, பணிநீக்கக் கடிதம். இன்னொன்று, "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதித் தரும் விடுவிப்புப் பத்திரம். பதற்றத்தில் பலர் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆனால், ஈழத் தமிழர்கள் அதிகம் வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில் சமீப ஆண்டுகளில் வந்த தீர்ப்புகளைப் பார்த்தால், அந்தக் கையெழுத்தின் விலை பல மாத சம்பளமாகவே இருக்கலாம்.

எட்டு வாரமா, 24 மாதமா?

ஒன்டாரியோவின் வேலைவாய்ப்புத் தர நிர்ணயச் சட்டப்படி, முன்னறிவிப்புக் காலம் ஒரு வருஷ சர்வீஸுக்குச் சுமார் ஒரு வாரம். உச்சவரம்பு 8 வாரம். ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, நிறுவனத்தின் ஆண்டு சம்பளப் பட்டியலும் 25 லட்சம் டாலரைத் தொட்டால், இதோடு செவரன்ஸ் தொகையும் உண்டு. அது அதிகபட்சம் 26 வார சம்பளம்.

இதெல்லாம் வெறும் குறைந்தபட்சம்தான். 1960-ல் 'குளோப் அண்ட் மெயில்' பத்திரிகைக்கு எதிரான வழக்கில் வந்த தீர்ப்பு வேறு அளவுகோலைக் கொடுத்தது. ஊழியரின் வயசு, சர்வீஸ், வேலையின் தன்மை, அதேபோன்ற வேலை கிடைக்கும் வாய்ப்பு ஆகியவற்றை வைத்துக் கணக்கு போட வேண்டும் என்றது. இந்த வழியில் போனால் 24 மாதம் வரைகூட கிடைக்கலாம்.

சரி, அப்போ ஏன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை? வேலையில் சேரும்போது போடும் ஒப்பந்தத்தில் "சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் மட்டுமே" என்று ஒரு வரி இருக்கும். அது செல்லுபடியானால் பெரிய தொகைக்கு வழியில்லை.

அந்த வரி எப்போது செல்லாது?

2020 ஜூன் மாதம் ஸ்வேகான் நிறுவன வழக்கில் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. பணிநீக்கம் பற்றிய விதிகளில் ஏதாவது ஒன்று சட்டத்தை மீறினாலும், அத்தனை விதிகளும் செல்லாது. மீறிய விதியை நிறுவனம் பயன்படுத்தவே இல்லை என்றாலும் இதே நிலைதான்.

பெரும்பாலும் சிக்குவது, "தகுந்த காரணம் இருந்தால் எதுவும் தராமல் நீக்கலாம்" என்ற விதி. ஏனென்றால், சட்டம் கேட்பது அதைவிடக் கடுமையான தவறு. ஊழியர் வேண்டுமென்றே செய்த, அற்பமல்லாத தவறாக அது இருக்க வேண்டும்.

இக்னேஸ் என்ற சிறு ஊரின் நிர்வாகம் இதே காரணத்தால்தான் தோற்றது. குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்த ஊழியரைப் பாதியில் அனுப்பி, இரண்டு வார சம்பளம் கொடுத்தார்கள். மீதமிருந்த 101 வாரத்துக்கும் சேர்த்து சுமார் 1.57 லட்சம் டாலர் தர உத்தரவானது. 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஆனால், "எந்த நேரத்திலும் நீக்கலாம்" என்ற வாசகமே சட்டவிரோதமா என்ற கேள்விக்கு அங்கே விடை சொல்லப்படவில்லை. அதனால் 2025-ல் சுப்பீரியர் கோர்ட் நீதிபதிகள் இரு வேறு விதமாகத் தீர்ப்பளித்தார்கள்.

இன்சூரன்ஸில் என்ன மாற்றம்?

உடம்பு முடியாமல் வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு நீண்டகால இயலாமை இன்சூரன்ஸ்தான் சம்பளத்துக்கு மாற்று. பல பாலிசிகளில் முதல் இரண்டு வருஷம், "பார்த்துவந்த வேலையைச் செய்ய முடியுமா?" என்று மட்டுமே பார்ப்பார்கள். பிறகு, "வேறு ஏதாவது வேலை செய்ய முடியுமா?" என்று கேள்வி மாறும். பணம் நிற்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

அப்படி நிறுத்தப்பட்ட ஒருவர் தொடர்ந்த வழக்கில், ப்ளூ கிராஸ் நிறுவனம் 15 லட்சம் டாலர் தண்டனைத் தொகை கட்ட வேண்டும் என்று ஜூரி சொன்னது. 2023 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. கோரிக்கையை நேர்மையாகப் பரிசீலிப்பது இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கடமை என்பதே இதன் செய்தி.

வாகன இன்சூரன்ஸில் மாற்றம் எதிர்த்திசையில் போகிறது. விபத்தில் சிக்கியவருக்கு வாரம் 400 டாலர் வரை வருமான இழப்பீடு தருவது ஒன்டாரியோ பாலிசிகளில் கட்டாயமாக இருந்தது. 2026 ஜூலை 1 முதல் அது விருப்பத் தேர்வு. மருத்துவம், மறுவாழ்வு, பராமரிப்பு உதவி ஆகியவை மட்டுமே கட்டாயம். விருப்பத் தேர்வாக வாங்கினாலும் பாலிசிதாரர், துணைவர், அவர்களைச் சார்ந்தவர்கள், பாலிசியில் பெயர் உள்ள ஓட்டுநர்கள் ஆகியோருக்குத்தான் பலன். சொந்தமாகக் காரும் பாலிசியும் இல்லாமல், ரோட்டில் நடந்துபோகும்போது அடிபடும் தொழிலாளிக்கு இதில் வருமான இழப்பீடு கிடைக்காமல் போகலாம். பிரீமியம் குறைகிறதே என்று டிக் அடிக்காமல் விடுவதற்கு முன், அலுவலகத்தில் இயலாமை இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

கவனிக்க வேண்டியவை

* சட்டப்படியான குறைந்தபட்சத் தொகையைக் கையெழுத்து போடாவிட்டாலும் நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு மேல் தருவதற்கு மட்டுமே விடுவிப்புப் பத்திரம் கேட்க முடியும்.
* வழக்கு தொடர பொதுவாக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு.
* வழக்கு நடக்கும்போதே வேறு வேலை தேட வேண்டும். தேடவில்லை என்றால் தொகை குறையலாம்.
* வங்கி, விமானம், தொலைத்தொடர்பு ஊழியர்களுக்கு மத்திய அரசின் தொழிலாளர் சட்டம் பொருந்தும். அநியாய நீக்கம் என்றால் 90 நாளுக்குள் புகார் தர வேண்டும்.
* யூனியன் உறுப்பினர்களுக்கு நேரடி வழக்கு கிடையாது. யூனியன் மூலமாகவே போக வேண்டும்.

கடிதம் கையில் கிடைத்த அன்றே பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் எங்கும் கேட்கவில்லை. பழைய வேலை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு முடிவெடுக்க நேரம் இருக்கிறது.