ஓராண்டு காத்திருக்க இயன்றவர்க்கே மருத்துவக் கல்வியா?

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அதற்கு முன், ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அவர் சேர எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். அக்கல்லூரியில் முதல்வராகப் பணியாற்றிய தந்தையின் ஆதரவும் அவருக்கு இருந்தது. தகுதி அவருடையதுதான், ஆனால், அது பயன்பட வேறு துணைகளும் தேவைப்பட்டன.

மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை குறித்த இன்றைய விவாதத்திலும் இதை மறந்துவிடலாகாது என்பது என் கருத்து.

தமிழகத்தில் நுழைவுத் தேர்வு 2007-இல் விலக்கப்பட்டு, பிளஸ் 2 மதிப்பெண்ணே அளவுகோலானது. 2017-இல் நீட் கட்டாயமானது. அதே ஆண்டில்தான் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 150 இடங்களுடன் தொடங்கப்பட்டது. கல்லூரி அருகில் வந்தது. அதில் சேரும் வழி கிராமப்புற மாணவர்களிடமிருந்து விலகிப் போனது.

நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கை இதற்குச் சான்று. 2016-17-இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தோரில் முந்தைய ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் சுமார் 12 விழுக்காட்டினர். 2020-21-இல் அது 71 விழுக்காடானது.

பழைய முறை குறையற்றதன்று. பிளஸ் 1 பாடங்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பிளஸ் 2 பாடங்களையே நடத்திய தனியார் பள்ளிகளை நாம் அறிவோம். ஆக, இரு முறைகளிலும் வசதி படைத்தோர் விலை கொடுத்து வாங்கியது கூடுதலாக ஓராண்டைத்தான்.

இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கவே, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்கு 2020-இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றமும் 2022-இல் அதை உறுதி செய்தது. கீரமங்கலம் அரசுப் பள்ளி மாணவியர் மருத்துவக் கல்லூரிகளில் இடம்பெற்றது இம்மாவட்டத்துக்குப் பெருமை. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்பது மிகப்பெரிய உதவி.

எனினும், இந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் தரவரிசையை நீட் மதிப்பெண்ணே முடிவு செய்கிறது. முதல் முயற்சியில் சில மதிப்பெண்களில் வாய்ப்பை இழக்கும் மாணவி, மறுமுறை எழுத ஓராண்டு வேண்டும். ஆவுடையார்கோவிலிலோ மணமேல்குடியிலோ ஒரு விவசாயக் கூலி அல்லது மீனவர் குடும்பத்தால் வருமானமின்றி, விடுதிச் செலவோடு அந்த ஓராண்டைத் தாங்க இயலுமா? மகளாக இருந்தால், 'கிடைத்த படிப்பில் சேர்ந்துவிடு' என்ற வற்புறுத்தலும் சேர்ந்துகொள்ளும்.

நீட் விலக்குக்கான சட்டப் போராட்டம் ஒருபுறம் தொடரட்டும். அதன் முடிவுக்காக மாணவர்கள் காத்திருக்க முடியாது. வாய்ப்பை நூலிழையில் தவறவிட்ட அரசுப் பள்ளி மாணவர்களுக்கென மாவட்டந்தோறும் உணவு, உறைவிடத்துடன் கூடிய ஓராண்டுப் பயிற்சி மையத்தை அரசு அமைக்க வேண்டும். குடும்பத்துக்குச் சிறு உதவித்தொகையும் அளிக்க வேண்டும். கல்லூரிக் கட்டணத்தையே ஏற்கும் அரசுக்கு இது பெரும் சுமையாகாது.