காட்மேன் கேட்ட கணக்கு

மருத்துவத் தரமும் நோயாளர் பாதுகாப்பும் இன்று முதுநிலைப் படிப்பாகிவிட்டன. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியே இதற்குப் பட்டம் தருகிறது. இதே விஷயத்தைப் பேசப்போய் அதே ஹார்வர்டில் ஆசிரியர் பணியை இழந்த ஒருவர் உண்டு. அவரைப் பற்றி முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எர்னஸ்ட் அமோரி காட்மேன் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர். அறுவை முடிந்து வீடு திரும்பியவர் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்பதே அவர் கேள்வி. ஆளுக்கொரு அட்டை போட்டார். என்ன தொல்லையோடு வந்தார், என்ன நோய் என்று முடிவு செய்தோம், என்ன செய்தோம், இடையில் என்ன சிக்கல், ஓராண்டுக்குப் பின் நிலைமை என்ன என்று எல்லாம் அதில் ஏறும். குணமாகவில்லையா? கைத்திறன் போதவில்லையா, நோயைக் கண்டறிந்ததில் பிசகா, கவனிப்பில் குறையா என்று காரணத்தையும் எழுதியாக வேண்டும்.

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை இதற்கு இசையவில்லை. திறமையைப் பார்க்காமல் பணிமூப்பைப் பார்த்துப் பதவி தருவதை எதிர்த்து 1914இல் அங்கிருந்து விலகினார். 1911லேயே சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனை தொடங்கியிருந்தார். அங்கே 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 பேரின் கணக்கில் 123 பிழைகளைப் பதிவு செய்து, தன் கையால் நேர்ந்தவற்றையும் மறைக்காமல் அச்சிட்டு வெளியிட்டார். 1915 ஜனவரியில் ஒரு மருத்துவக் கூட்டத்தில், பணக்கார நோயாளிகளை மணலில் தலை புதைத்துப் பொன் முட்டையிடும் நெருப்புக்கோழியாகக் காட்டிய கேலிச்சித்திரத்தை விரித்தார். ஊரே கொதித்தது. கொஞ்சம் வாய்த்துடுக்குக்காரர்தான், ஆனால் கணக்கில் பொய் இல்லை.

அவருடைய யோசனையை அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி கையிலெடுத்தது. நூறு படுக்கைக்கு மேலுள்ள 692 மருத்துவமனைகளை ஆராய்ந்ததில், வகுத்த தரத்தை எட்டியவை 89 மட்டுமே. தேறாதவற்றில் நாடறிந்த பெயர்களும் இருந்தன. பட்டியல் பத்திரிகைகளுக்குப் போய்விடுமோ என்று அஞ்சி, 1919இல் நியூயார்க் ஓட்டல் ஒன்றின் உலையில் போட்டு எரித்தார்கள். அந்த முயற்சியிலிருந்தே பிற்பாடு 1951இல் மருத்துவமனை அங்கீகாரக் கூட்டு ஆணையம் பிறந்தது. 1996இல் அது காட்மேன் பெயரில் விருதும் ஏற்படுத்தியது.

பிறகு வந்தவை பலரும் அறிந்தவை: 1966இல் மருத்துவ ஆய்வாளர் டொனபெடியன் தரத்தை அளக்கத் தந்த சட்டகம், மருத்துவப் பிழைகளால் அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கலாம் என்று மதிப்பிட்ட 1999 அறிக்கை, அறுவைக்கூடச் சரிபார்ப்புப் பட்டியல்.

இந்த முதுநிலைப் படிப்பில் வரைபடம் போடுவதையும் பிழையின் மூலகாரணம் தேடுவதையும் சில மாதங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். அட்டை போடும் முறை 1911லேயே கையில் இருந்தது. பிழையைச் சொன்னவருக்கு வேலை நிலைக்கும் என்ற உறுதிதான் அன்று இல்லை. எனவே இந்தப் படிப்பை நடத்தும் நிறுவனங்களிடம் நான் கேட்பது இதுதான்: மாணவர் தன் வார்டில் நடந்த பிழையையே ஆய்வேடாக எழுதலாமா? எழுதிய பின் அதே வார்டில் பதவி உயர்வும் கிடைக்குமா? சேர்க்கை விளம்பரத்தில் இதற்குப் பதில் போட்டால், கட்டண விவரத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.