பாட்டைக் கொடுத்தவருக்குப் பிழைப்பு இல்லை



ஒன்டாரியோ மாகாணத்து அரசுப் பாடசாலைகளில் கனடாவின் தேசிய கீதம் ஒவ்வொரு நாளும் ஒலிக்கிறது. இங்கிருந்து போன தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அதற்கு எழுந்து நிற்கிறார்கள். அந்தக் கீதத்துக்கு இசையமைத்த கலிக்சா லவலே, பிழைப்புத் தேடி அந்த நாட்டை விட்டே போனவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ‘நாட்டை விட்டுப் போகிறவனுக்கு ஏது நாட்டுப் பற்று’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் அவர் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

லவலே 1842இல் கியூபெக் மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். தகப்பன் இரும்பு வேலை செய்தவர், பிறகு வாத்தியங்கள் திருத்தியவர். மகன் பதினைந்து வயது அளவில் அமெரிக்காவுக்குப் போய், ஊர் ஊராகச் சுற்றும் ஆட்டபாட்டக் குழுக்களில் வாசித்தார். உள்நாட்டுப் போர் வந்தபோது வடக்குப் படையின் வாத்தியக் குழுவில் சேர்ந்தார். பின்னாளில் பாரிசில் படித்துவிட்டுத் திரும்பி, கியூபெக்கில் ஓர் இசைக் கல்லூரி வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்டார். அது கிடைக்கவில்லை.

ஆனால் விழா என்று வந்தால் அவர் தேவைப்பட்டார். 1880 ஜூன் 24 அன்று பிரெஞ்சு மொழி பேசும் கனேடியர்களின் பெருவிழா. அதற்கென ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள். சொற்களை ரூத்தியே என்ற நீதிபதி எழுதினார், இசையை லவலே அமைத்தார். கூட்டம் கை தட்டியது. கை தட்டலில் அடுப்பு எரியுமா? கொஞ்ச காலத்திலேயே அவர் மறுபடியும் எல்லை தாண்டி பொஸ்டன் போய்ச் சேர்ந்தார்.

அவர் மட்டும் போகவில்லை. 1840 முதல் 1930 வரை சுமார் 9 இலட்சம் பிரெஞ்சுக் கனேடியர் அமெரிக்காவுக்குப் போனதாகக் கணக்கு. நிலம் போதவில்லை, கடன் கழுத்தை நெரித்தது. லோவல், ஃபோல் ரிவர் போன்ற ஊர்களின் பஞ்சாலைகளில் பிள்ளைகளோடு சேர்ந்து உழைத்தார்கள். கம்பனி கட்டிய குடியிருப்புகளில் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தார்கள். லயத்தில் பிறந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பொஸ்டனில் லவலேக்கு மதிப்பு இருந்தது. பெரிய தேவாலயத்தில் இசைப் பொறுப்பு, கற்பிக்கும் வேலை, இசை ஆசிரியர்களின் தேசியச் சங்கத்தில் தலைவர் பதவி. ஒரு கட்டத்தில், கனடா அமெரிக்காவோடு சேர்ந்துவிடுவதே நல்லது என்றும் அவர் எண்ணினார். தேசிய கீதம் தந்தவர் இப்படி நினைக்கலாமா என்று இன்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் வியப்பு இல்லை. சோறு போட்ட ஊர் பக்கம்தானே மனம் சாயும்?

1891 ஜனவரியில், 48 வயதில், பொஸ்டனிலேயே இறந்தார். 42 வருடம் கழித்து, 1933இல், எலும்புகளைத் தோண்டி எடுத்து மொன்றியலுக்குக் கொண்டுபோய் மரியாதையோடு புதைத்தார்கள். 1980இல் சட்டப்படி அவர் பாட்டு தேசிய கீதமானது. பிறந்த ஊருக்கே இப்போது அவர் பெயர். உயிரோடு இருந்தபோது கேட்ட கல்லூரியைக் கொடுத்திருந்தால் எலும்பைச் சுமக்கும் வேலை மிஞ்சியிருக்கும்.

இதைக் கனடாக்காரர்கள் பிழை என்று தள்ளிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. பிரமுகர் வந்தால் தப்புக் குழுவைக் கூப்பிடுகிறோம். காமன் கூத்துக்காரரை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். ஒத்திகைக்காக மலைக்குப் போகாத நாளுக்கு அவர்களுக்குப் பேர் விழுவதில்லை, அரைப் பேர்கூட இல்லை. ஒரு தேத்தண்ணியும் பணிசும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். நம் சங்கக் கூட்டங்களிலும் இதுதான் நடக்கிறது, மறைப்பானேன்?

அடுத்த மேதினத்துக்குத் தப்புக் குழுவைப் பேசப் போகும் தோட்டத் தலைவர்மார், ஒத்திகை நாட்களின் சம்பளத்தையும் சேர்த்துப் பேசி, அதை மேடை ஏறும் முன்னரே கையில் கொடுக்க வேண்டும்.