தாய்மேல் எதற்குப் பழி?

கிரகண நாள் வந்தால் புதுச்சேரியின் சுத்துக்கேணி பக்கத்து ஊர்களில் மாசமாக இருக்கும் பெண்ணுக்கு வீட்டுக்குள்ளேயே காவல் போடும் வழக்கம் இன்னும் போகவில்லை. வெளியே தலைகாட்டக்கூடாது, கத்தியைத் தொடக்கூடாது; கிரகணம் விடும்வரை தண்ணீர்கூடக் கொடுக்காத வீடுகள் உண்டு. மற்ற நாட்களில் இரட்டை வாழைப்பழத்தை அவள் கண்ணில் காட்டமாட்டார்கள். மீறினால் பிள்ளை ஒட்டிப் பிறக்குமாம், கூடுதல் கைகாலோடு பிறக்குமாம். எங்காவது அப்படி ஒரு குழந்தை பிறந்துவிட்டால், "அன்னைக்கு நீ என்ன செஞ்ச?" என்று முதல் கேள்வி தாயிடம்தான் போகிறது.

அந்தக் கேள்வி பொய்யானது. கொடுமையானதும்கூட.

உருவ ஒற்றுமை கொண்ட இரட்டையர் ஒரே கருமுட்டையிலிருந்து வருகிறவர்கள். கருத்தரித்து மூன்று நாளுக்குள் கரு இரண்டானால் ஆளுக்கொரு நஞ்சுக்கொடி அமையும். எட்டாம் நாள்வரை தாமதித்தால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு. அதற்கும் பிறகு என்றால் இருவருக்கும் ஒரே பனிக்குடம். ஏறக்குறைய பதின்மூன்றாம் நாளைத் தாண்டிப் பிரியத் தொடங்கும் கரு முழுமையாகப் பிரிவதில்லை. நெஞ்சிலோ வயிற்றிலோ இடுப்பிலோ தலையிலோ ஒட்டியே வளர்கிறது. பிரிந்த இரு கருக்கள் நெருக்கத்தில் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அவர்கள் கணக்கிலும் இது கருவின் முதல் சில வாரங்களில் நடந்து முடிகிற காரியம்.

பதின்மூன்றாம் நாள் என்பது மாதவிலக்கு தள்ளிப்போனதே இன்னும் தெரியாத நேரம். தான் உண்டாகியிருப்பதையே அறியாத பெண், ஐந்தாம் மாதத்தில் காய் நறுக்கியதற்காகக் குற்றவாளி ஆக்கப்படுகிறாள்!

கூடுதல் கைகால்களின் கதையும் இதுவே. ஒட்டிய இருவரில் ஒருவரின் வளர்ச்சி பாதியில் நின்றுவிட, மிஞ்சிய உறுப்புகள் மற்றவரின் இரத்தத்தை வாங்கிப் பிழைக்கின்றன. சில சமயம் அந்த இன்னொரு கரு உடலுக்குள்ளேயே அடைபட்டுப் போகும். 1999இல் நாக்பூரைச் சேர்ந்த 36 வயது ஆண் ஒருவரின் வீங்கிய வயிற்றைக் கட்டி என்று நினைத்து மும்பையில் திறந்த மருத்துவர்கள், உள்ளே கைகால்களைக் கண்டார்கள். அவர் தாயின் வயிற்றில் இருந்த நாளிலிருந்து சுமந்த இரட்டை அது.

ஒட்டிப் பிறப்பது ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஒன்று என்பது பொதுவான மதிப்பீடு. கிரகண நிழலோ ஒரே நாளில் கோடிக்கணக்கானோர் மேல் விழுகிறது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் வானில் கங்கண கிரகணமே தெரிந்தது. அந்த நிழலில் எத்தனை கர்ப்பிணிகள் இருந்திருப்பார்கள்! நம்பிக்கை உண்மையானால் ஒவ்வொரு கிரகணத்துக்குப் பிறகும் பிரசவ வார்டுகளில் இத்தகைய குழந்தைகள் வரிசையாகப் பிறந்திருக்க வேண்டும்.

"ஜாக்கிரதையா இருந்தா என்ன நஷ்டம்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். இந்தப் பயம் உண்டாக்கிய நஷ்டத்தின் கணக்கு நீளமானது. 1783இல் வங்காளத்தில் தலைமேல் இன்னொரு தலையோடு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பயந்துபோன மருத்துவச்சி அதை நெருப்பில் போட்டாள். காயங்களோடு தப்பிய பிள்ளை, நான்கு வயதில் பாம்பு கடித்து இறந்தது; மண்டையோடு லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1888இல் ஒடிசாவில் ஒட்டிப் பிறந்த ராதிகா, தூதிகா சகோதரிகளைத் தெய்வக் குற்றம் என்றது ஊர். பிறகு அவர்கள் ஐரோப்பாவில் காட்சிப்பொருள் ஆனார்கள்.

கும்பிடுவதும் அதே அறியாமைதான். 2005இல் பீகாரின் அராரியா மாவட்டத்தில் நான்கு கை, நான்கு காலோடு பிறந்த பெண் குழந்தையை அம்மனின் அவதாரம் என்று வணங்கினார்கள். அவளுக்குத் தேவைப்பட்டது அறுவை சிகிச்சை. 2007 நவம்பரில் பெங்களூரு ஸ்பர்ஷ் மருத்துவமனையில் முப்பதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் ஏறத்தாழ 27 மணி நேரம் உழைத்து, ஒட்டியிருந்த உடலை அகற்றினார்கள். அந்தப் பெண் பிறகு நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள்.

வயிற்றில் ஒன்றா இரண்டா, நஞ்சு ஒன்றா இரண்டா, ஒட்டியிருக்கிறதா என்பதையெல்லாம் மூன்றாம் மாத ஸ்கேனிலேயே பெரும்பாலும் பார்த்துவிடலாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும், எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும் சுத்துக்கேணி பக்கத்து ஊர்களிலிருந்து போய்வரும் தூரத்தில்தான் இருக்கின்றன. கிரகணத்தன்று மருமகளை அறைக்குள் பூட்டிவைக்கும் மாமியார், மூன்றாம் மாதம் அவளைக் கையோடு அங்கே கூட்டிக்கொண்டு போகட்டும்.