நீட்டில் மார்க் பத்தலன்னா பயாலஜியும் முடிஞ்சிடுச்சா?

1/ போன வாரம் ஓபியில ஒரு அம்மா. பிபி மாத்திரை வாங்க வந்தவங்க, மகனையும் கூட்டிட்டு வந்திருந்தாங்க. "ரெண்டு தடவை நீட் எழுதிட்டான் சார், மார்க் பத்தல. இப்ப பி.எஸ்சி. விலங்கியல் சேரப்போறேன்கிறான். அதைப் படிச்சு என்ன சார் ஆகப்போகுது? நீங்களாவது சொல்லுங்க."

பையன் தலையே நிமிரல. பின்னாடி நீள வரிசை. அங்கே முழுசா சொல்ல முடியாததை இங்கே எழுதுறேன்.

2/ அந்தத் தம்பிகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஏன் விலங்கியல்?"

"கொசுப்புழுவை பாட்டில்ல வளர்த்துப் பார்த்திருக்கேன் சார். எத்தனை நாள்ல கொசுவாகுதுன்னு எழுதி வெச்சிருக்கேன்."

இது தோத்துப் போனவன் பேச்சு இல்லீங்க.

3/ ஒரு உண்மைக் கதை. 1966, அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம். ஹட்சன் ஃப்ரீஸ் அங்கே இளங்கலை மாணவர். யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் எடுத்த மாதிரியிலிருந்து, 70 டிகிரி சூட்டிலும் செழிப்பா வளர்ற ஒரு பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார். பேராசிரியர் தாமஸ் பிராக்கும் அவரும் சேர்ந்து 1969-ல் கட்டுரை வெளியிட்டாங்க. பேரு தெர்மஸ் அக்வாட்டிகஸ்.

4/ அதனால என்ன பயன்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது. 1980-களில் பிசிஆர் வந்துச்சு. அதில் டிஎன்ஏ-வை ஒவ்வொரு சுற்றிலும் 90 டிகிரிக்கு மேல சூடாக்கணும். சாதாரண நொதி அந்தச் சூட்டில் செத்துடும். இந்த பாக்டீரியாவோட நொதி தாங்குச்சு.

கோவிட்ல உங்க மூக்குல குச்சி விட்டு எடுத்தோமே, அந்த ஆர்டி-பிசிஆர் வந்த வழி இதுதான். இன்னைக்கு டிபி சந்தேகத்துல சளியை சிபிநாட்டுக்கு அனுப்புறோம். அதுக்கும் அடிப்படை பிசிஆர்தான்.

5/ நான் மருந்து எழுதுறேன். எந்த மருந்து கேட்கும்னு சொல்ற ரிப்போர்ட்டுக்குப் பின்னாடி, ஸ்டெத் போடாத எத்தனையோ பேரோட படிப்பு இருக்கு. நீட் ரேங்க் லிஸ்ட்ல அவங்களைத் தேடினா கிடைக்க மாட்டாங்க.

6/ ஆனா பொய் சொல்ல மாட்டேன். வெறும் பி.எஸ்சி.யோட நின்னுட்டா நல்ல வேலை கிடைக்கிறது கஷ்டம். இதை மூணு வருஷப் படிப்பா பார்க்காதீங்க, எம்.எஸ்சி.யும் சேர்த்து அஞ்சு வருஷமா பாருங்க. எம்.எஸ்சி.க்கு ஜாம், கேட்-பி, க்யூட் பிஜி தேர்வுகள் இருக்கு. அதுக்கப்புறம் சிஎஸ்ஐஆர் நெட்ல ஜேஆர்எஃப் கிடைச்சா, ஆராய்ச்சி செய்யும்போதே மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆசிரியர் ஆகணும்னா பி.எட்.

7/ அந்தத் தம்பிக்கு நேராப் போற வழியே இருக்கு. புதுச்சேரியில் ஐசிஎம்ஆரோட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தில், பொது சுகாதாரப் பூச்சியியல்னு எம்.எஸ்சி. படிப்பே இருக்கு. டெங்கு சீசன்ல என் வார்டு நிரம்பாம இருக்க, என்னைவிட கொசுவைத் தெரிஞ்சவங்கதான் முக்கியம்.

8/ இப்ப +2 படிக்கிறவங்களுக்கு: நீட்டுக்கு அப்ளை பண்ணும்போதே ஐசரோட ஐஏடி, நைசருக்கான நெஸ்ட் தேர்வுகளையும் பாருங்க. நீட் ரிசல்ட் வந்தப்புறம் தேடினா விண்ணப்பத் தேதி முடிஞ்சிருக்கும். ஐஏடி-ல கணக்கும் வரும், அதுக்குப் பயந்து விட்டுடாதீங்க.

9/ காலேஜ் தேடும்போது கோர்ஸ் பேரைப் பார்த்து மயங்காதீங்க. லேபைப் போய்ப் பாருங்க. அங்கே ரெண்டாம் வருஷம் படிக்கிற ஒருத்தர்கிட்ட கேளுங்க: "மைக்ரோஸ்கோப் எத்தனை பேருக்கு ஒண்ணு? பிராக்டிகல் நிஜமா செய்றீங்களா, ரெக்கார்டைப் பார்த்து எழுதுறீங்களா?" பல அரசுக் கல்லூரிகளில் குறைந்த கட்டணத்திலேயே இந்தப் படிப்பு இருக்கு.

10/ இன்னொரு தடவை நீட் எழுதுறது தப்புன்னு சொல்லல. எழுதணும்னு பிள்ளைக்கே ஆசை இருந்தா எழுதட்டும். ஆனா "பக்கத்து வீட்டுக்காரங்க என்ன சொல்வாங்க"ங்கிறதுக்காக அவங்க வயசுல ஒரு வருஷத்தை எடுத்துக்காதீங்க.

11/ அந்த அம்மாகிட்ட கடைசியா சொன்னது: "அம்மா, வீட்டுக்குப் போய் அவன் எழுதி வெச்ச நோட்டை ஒரு தடவை வாங்கிப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க."

அப்பதான் பையன் நிமிர்ந்து பார்த்தான்.

உங்க வீட்டுலயும் அப்படி ஒரு நோட்டு இருக்கலாம். கேட்டுப் பாருங்க.