சரம் மட்டும் தொங்கலாமா?



"பிளாஸ்டிக்கை ஒழிப்போம்" என்று போர்டு இல்லாத ஊர் இன்று இல்லை. நல்லதுதான். ஆனால் யாருடைய பிளாஸ்டிக்கை என்று நாம் கேட்டிருக்கிறோமா?

2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. கேரி பேக், டீ கப், ஸ்ட்ரா எல்லாம் போச்சு. ஆனால் கம்பெனியிலேயே அடைத்து சீல் வைத்து வரும் பாக்கெட்டுக்கு விலக்கு! 2020 ஜூனில் அந்த விலக்கையும் அரசு நீக்கியது. பேப்பரில் உத்தரவு மாறியது. கடையில் தொங்கும் சரம் மாறவில்லை.

ஒரகடம் பக்கம் எங்கம்மா பெட்டிக்கடை வச்சிருக்காங்க. எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான்தான். "ஏண்டா, நான் குடுக்கிற கவர் மண்ணைக் கெடுக்கும், இந்த ஷாம்பு பாக்கெட்டு கெடுக்காதா?" என்று கேட்டாங்க. தேடிப் படித்தேன்.

சாதாரண கவர் முழுக்க ஒரே பொருள், பாலிஎதிலின். சுத்தமாக இருந்தால் உருக்கி மறுபடி குருணை ஆக்கலாம். ஷாம்பு, சிப்ஸ் பாக்கெட் அப்படியில்லை. பாலியஸ்டர், அலுமினியம், பாலிஎதிலின் என்று அடுக்கடுக்காக ஒட்டியது. பிரிப்பது லேசில்லை; காயலாங்கடைக்காரரும் தொட மாட்டார். மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை 2 வருடத்தில் நிறுத்த வேண்டும் என்றுதான் 2016 மத்திய அரசு விதி சொன்னது. 2018 மார்ச்சில் ஒரு திருத்தம் வந்தது. எரித்து சக்தி எடுக்க முடிந்தால் நிறுத்த வேண்டாமாம். சிமென்ட் சூளையில் எதுதான் எரியாது?

பாக்கெட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்த்து, ஒரே ரூமில் ஆறு பேர் தங்குகிறவர் முழு பாட்டிலுக்கு எங்கே போவார்?

இன்-பிளான்ட் டிரெயினிங்கில் ஒன்று பார்த்தேன். கார் கம்பெனிக்குப் பாகம் கொண்டுபோகும் பிளாஸ்டிக் டிரே, காலியானதும் லாரியில் திரும்பி வருகிறது. ஒவ்வொன்றுக்கும் நம்பர். ஒன்று குறைந்தாலும் ஸ்டோர்ஸில் சத்தம்! கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவில் நடப்பது, கம்பெனிக்கும் ஜனங்களுக்கும் நடுவில் ஏன் நடக்கக்கூடாது? பாக்கெட் கழிவைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு கம்பெனிக்குத்தான் என்று அதே 2016 விதியிலேயே இருக்கிறதே!

தயாரித்தவர் பெயர், முகவரி எல்லாம் ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகிலும் அச்சாகியிருக்கிறது. முதல் நோட்டீஸ் அங்கே போகட்டும். பெட்டிக்கடைக்கு அப்புறம் வரலாம்.