பாதி உடலும் முழு உரிமையும்

வாசுதேவநல்லூர் சிந்தாமணிநாதர் கோயிலின் கருவறையில் நிற்பவர் அர்த்தநாரீஸ்வரர். வலப்பாதி ஈசன், இடப்பாதி அம்மை. இரண்டில் ஒன்றைச் செதுக்கி எறிந்துவிட்டுத் ‘திருத்த’ வேண்டும் என்று எந்தச் சிற்பியும் நினைக்கவில்லை.

மருத்துவமனைகளில் கதை வேறு. ஆண், பெண் என்று பிரித்துச் சொல்ல முடியாத உடலோடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளைப் பேச்சு வருமுன்னே கத்தி ‘சரிசெய்தது’. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைத் தடுக்கச் சொன்னது. ஆகஸ்டில் தமிழக அரசு தடையாணை பிறப்பித்தது. உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் விலக்கு. நாட்டிலேயே முதல் மாநிலம்!

தன் உடலைத் தானே விரும்பி மாற்றிக்கொள்வது வேறு. ஆஸ்திரேலியக் கலைஞர் ஸ்டெலார்க் தன் இடது முன்கையில் ஒரு காதையே வளர்க்கத் தொடங்கினார். உள்ளே வைத்த ஒலிவாங்கியைக் கிருமித்தொற்று காரணமாக எடுக்க வேண்டியதாயிற்று. வலி அவருடையது, முடிவும் அவருடையது. ஆனால் சீனாவில் 2018இல் மரபணு திருத்தப்பட்டுப் பிறந்த இரட்டைச் சிறுமிகளை யார் கேட்டார்கள்?

உயிர்த்தொழில்நுட்பம் வேண்டாம் என்பதல்ல வாதம். அவசரமில்லாத மாற்றம், அந்தக் குழந்தை வளர்ந்து தானே வாய்திறந்து கேட்கும்வரை காத்திருக்கட்டும். தமிழகத்தின் தடை நாடு முழுவதற்கும் சட்டமாக வேண்டும்.